சாருஜா சொன்னதாக நான் சொன்னவை

எனக்குச் சமைக்கப் பிடிக்கும். நீங்கள் மரண விசாரணை அலுவலர். என் மனைவி சாருஜாவின் கடைசி மாதங்களைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனாலும் சமையலிலிருந்து தொடங்குவதுதான் சரி. நான் உணவு அறிவியல் படித்தவன். தயிர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. இணையத்தில் கண்டதையெல்லாம் நம்பி மனைவிக்கு ஊட்டியவன் என்று என்னைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். அப்படி இல்லை.

இதைத் தமிழில் சொல்ல விடுங்கள் என்று கேட்டதும் நான்தான். பிரெஞ்சில் சொன்னால் சொற்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவேன்.

சாருஜாவை நான்தான் ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்குக் கூப்பிட்டேன். சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்தில் வணிகம் படிப்பித்தவள். ஆங்கிலம் வாசிப்பாள், யாராவது பேசினால் பிடிபடாது. பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த குளிர்காலத்திலேயே அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கின. கன்னங்களில் சிவப்புப் படர்ந்தது. லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல் உடம்பையே தாக்கும் நோய் என்று டொக்டர் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப எனக்குள்ள இருக்கிற பொலிசே எனக்கு அடிக்குதோ? இதுக்கு ஊரிலயே இருந்திருக்கலாமே, இஞ்சேருங்கோ" என்று சிரித்தாள்.

ஏன் சிரிக்கிறார் என்று டொக்டர் கேட்டார். நீங்கள் நன்றாக விளக்கினீர்கள் என்கிறாள் என்றேன். அதுதான் நான் மாற்றிச் சொன்ன முதல் வசனம். அதில் ஒரு தீங்கும் இருக்கவில்லை.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று தாதி ஒவ்வொரு தடவையும் சொன்னார். அவள் கூச்ச சுபாவம், பிறத்தியாருக்கு முன்னால் பேசமாட்டாள் என்று ஒவ்வொரு தடவையும் நான் மறுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே அதட்டி இருத்தியவள் அவள்.

விழுங்க இரண்டு வகைக் குளிசைகள் கொடுத்தார்கள். அதோடு என் வேலைத்தலக் காப்புறுதியில் ஒரு செயலி கிடைத்தது. சாப்பாட்டுக் கோப்பையைப் படம் எடுத்துப் போடவேண்டும். நித்திரை, நடை, நோவு எல்லாவற்றையும் பதியவேண்டும். பற்றிக் என்ற பயிற்றுநர் அவற்றைப் பார்த்து எழுதுவார். கணக்கு அவளுடைய பெயரில். தட்டச்சு செய்தது நான். "எனக்கு இன்று விரல்கள் இலேசாக இருக்கின்றன" என்று எழுதும்போது ஒரு விதத்தில் எனக்கே இலேசாக இருக்கும்.

உப்பைக் குறைக்கவும், பொரித்ததை விடவும், கீரையும் மீனும் சேர்க்கவும், வெயிலில் மூடிக்கொண்டு போகவும், நேரத்துக்குப் படுக்கவும் பற்றிக் சொன்னார். எல்லாம் செய்தோம். தக்காளி, கத்தரிக்காயை விட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். விட்டுப் பார்க்கலாம், எல்லாருக்கும் பொருந்தாது, குளிசையை மட்டும் விடவேண்டாம் என்று எழுதினார். அதே கிழமை சாருஜாவின் தாயார் சிவமலர் மாமி அவளுடைய கன்னத்தின் படத்தைப் போனில் பார்த்தார்.

"தம்பி, உது கிரந்தியெல்லோ. கத்தரிக்காய், தக்காளி, இறால் ஒண்டையும் கண்ணிலயும் காட்டாதேங்கோ. பத்தியம் பிடிச்சா மாறிவிடும்."

தோலில் எது சிவந்தாலும் எங்கள் ஊரில் அது கிரந்தி. அதைக் கிளப்பும் சாப்பாடு கிரந்திச் சாப்பாடு. பற்றிக் தயங்கிச் சொன்னதை மாமி உறுதியாகச் சொன்னார். மொன்றியலும் சாவகச்சேரியும் ஒரே கறியை விலக்கச் சொல்கின்றன என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கோடை வந்தபோது அவளுக்கு உண்மையாகவே சுகமாக இருந்தது. கன்னச் சிவப்பு மறைந்தது. ஆற்றங்கரைப் பூங்கா வரை நடந்தோம். நான் கொடுத்த பச்சைக் கஞ்சியைப் பார்த்து, "இண்டைக்கு எந்த வேலியை வெட்டி அரைச்சனீங்கள்?" என்பாள். குளிசையும் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பரிசோதனையில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும். தயிருக்கு நான் தினமும் அப்படித்தான் செய்கிறேன்.

கோயில் மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உணவால் நோயை அடக்குவது பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பலர் வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைத்தார்கள். தைரொய்ட்டுக்கு என்ன சாப்பிடலாம், முழங்காலுக்கு எது கூடாது என்று கேட்டார்கள். கோயிலுக்கு வரும் கௌரி அன்ரி எனக்குக் கீரை டொக்டர் என்று பெயர் வைத்தார். தமிழ்க் கடையில் வெந்தயக்கீரை எடுத்துக்கொண்டு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொன்னார்கள். இந்த நாட்டில் அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மண்டபத்தில் அன்று கௌரி அன்ரி இன்னொன்றும் சொன்னார். சாருஜாவின் கன்னத்தைக் கிள்ளி, "டொக்டர்ர சாப்பாடு நல்லாப் பிடிச்சிட்டுது போல, பூசணிக்காய் மாதிரியெல்லோ வந்திட்டாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஸ்டீரொய்ட் குளிசைக்கு முகம் அப்படித்தான் ஊதும்.

பஸ்ஸில் வரும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இது என்ர முகமில்லையப்பா" என்றாள். சற்று நேரம் கழித்து, "பரவாயில்லை, விரல் மடங்குதுதானே" என்றாள்.

அவள் அதோடு விட்டுவிட்டாள். என்னால் விடமுடியவில்லை. சாப்பாட்டால் சுகமாக்கினேன் என்று சொல்லும் என் பக்கத்தில், குளிசையால் ஊதிய முகத்தோடு அவள் நின்றாள். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் நிற்பாள். அடுத்த மருத்துவச் சந்திப்பில் டொக்டர், இதே அளவில் தொடரட்டும், கவனமாகப் பிறகு குறைக்கலாம் என்றார். குறைக்கச் சொல்லுகிறார் என்று சாருஜாவிடம் சொன்னேன். அவள் டொக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

குளிசைப் பெட்டியை நிரப்புவது என் வேலை. முதலில் ஒன்றை எடுத்தேன். பிறகு மற்றதை. வெறும் பெட்டியைக் கண்டால் அவள் யோசிப்பாள் என்று கல்சியமும் விற்றமினும் போட்டேன். புதிய குளிசை என்றேன். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, படிக்கிற பிள்ளை பாடத்தை ஒப்புவிப்பதுபோல என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டுவாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

முகம் வற்றியது. அழகாக இருந்தாள். படம் எடுத்துப் போட்டோம். கௌரி அன்ரி எல்லோருக்கும் அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் சிவப்புத் திரும்பி வந்தது. மாமியிடம் சொன்னேன். "உள்ளுக்க கிடக்கிறதெல்லாம் வெளியில தள்ளுது தம்பி. பத்தியத்தை இடையில விட்டுடாதேங்கோ" என்றார். குளிசை நின்றது மாமிக்குத் தெரியாது. அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் உப்பை முற்றாக நிறுத்தினேன். மீனையும் நிறுத்தினேன். அவள் இளைத்தாள், கால்கள் மட்டும் வீங்கின. சப்பாத்து ஏறவில்லை.

செயலியில் நோவைப் பதிய முகங்கள் இருக்கும், அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை. நான் சிரிக்கும் முகத்தைத் தொட்டேன். அழும் முகத்தைத் தொட்டால் பற்றிக் உடனே டொக்டரிடம் போகச் சொல்லுவார். குளிசை எடுத்தீர்களா என்ற கேள்வி தினமும் வரும். ஓம் என்று பதிந்தேன். பற்றிக்குக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கவேண்டும். அவளை முகம் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று காணொளியில் வந்தார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லாக "வணக்கம்" என்றார். சாருஜாவுக்குச் சந்தோஷம்.

"எனக்குப் படி ஏற ஏலாமக் கிடக்கு, மூச்சு வாங்குது, கால் வீங்குது எண்டு சொல்லுங்கோ. அவர் நல்ல மனுசன் மாதிரிக் கிடக்கு, ஏதும் வழி சொல்லுவார்."

தினமும் நடக்கிறாளாம், படிகளில் ஏறுகிறாளாம், உங்களுக்கு நன்றியாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பற்றிக் தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் உயர்த்தினாள்.

"என்ன சொல்லுறார்?"

"கொஞ்சம் பொறுக்கட்டாம்."

மருத்துவமனையில் இருந்து சந்திப்புக்கு அழைத்தபோது, ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் நிற்கிறாள் என்றேன். அவளிடம், டொக்டர் விடுமுறையில் போய்விட்டார் என்றேன். ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். அவள் சாகவேண்டும் என்று ஒரு கணமும் நான் நினைக்கவில்லை. கீரை சரியாக வேலை செய்ய இன்னும் கொஞ்சக் காலம் தேவை என்று நினைத்தேன். அந்தக் காலத்தைத்தான் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை குளியலறையில் இருந்தவளால் எழும்ப முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தது. சிறுநீரகங்கள் போய்விட்டன, இதயத்தைச் சுற்றி நீர் என்றார்கள். அவசரப் பிரிவில் இருந்த டொக்டர் இளம்பெண். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கவா என்று கேட்டார். நான் இருக்கிறேன், நேரத்தை வீணாக்கவேண்டாம் என்றேன்.

குளிசைகளை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். அதை நான் அப்படியே சாருஜாவிடம் கேட்டேன்.

"ஒரு நாளும் விடேல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே எடுத்துத் தாறனீங்கள்" என்றாள்.

டொக்டரிடம் சொன்னேன்: அவள் தானாகவே நிறுத்திவிட்டாளாம். முகம் ஊதுவது பிடிக்கவில்லையாம். கொஞ்ச நாட்களாகத்தானாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

டொக்டர் கட்டில் விளிம்பில் இருந்து அவளுடைய கையைப் பிடித்தார். உன் வயதில் பலர் இப்படிச் செய்வதுண்டு, எனக்கு உன்னில் கோபமில்லை, இனிமேல் மட்டும் செய்யாதே என்று மெதுவாகச் சொன்னார். சாருஜா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தலையாட்டி, "மெர்சி" என்றாள். பிரெஞ்சு வகுப்பில் படித்த நன்றி.

மறுநாள் மத்தியானம் அவள் இறந்தாள்.

மருத்துவப் பதிவில் அவளே குளிசையை நிறுத்தியதாக இருக்கிறது, செயலியில் கடைசிவரை எடுத்ததாக இருக்கிறது, இரண்டும் அவள் சொன்னதுதானே என்று கேட்டீர்கள். இரண்டையும் சொன்னது நான். குளிசையை நிறுத்தியதும் நான்தான். அவளுக்கு அது தெரியாது. மாமி இப்போதும் போனில், "படிச்ச பிள்ளை தம்பி, ஏன் இப்பிடித் தன்ர கையாலயே செய்தவள்?" என்று கேட்டு அழுகிறார். தெரியாது மாமி என்கிறேன்.

அன்று அவசரப் பிரிவில் டொக்டர் எழும்பிப் போனதும் சாருஜா என் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்? இவ்வளவு நேரம் கதைச்சவ."

"நீ குளிசையை ஒழுங்காக் குடிச்சபடியாலதான் தப்பினியாம். கெட்டிக்காரியாம். கெதியா வீட்டை போகலாமாம்."

"பாத்தீங்களே" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

அவள் கடைசியாகக் கேட்டது நல்ல செய்தி. வேறு யாராவது மொழிபெயர்த்திருந்தால் அவளுக்கு அது கிடைத்திருக்காது.