கையுறையின் மணமும் கல்யாணப் பிரியாணியும்

மாலையின் மணத்தில் மயங்கி மேடை நடுவே வீற்றிருக்கும் விளையாட்டு மன்றத் தலைவர் ஜேசுதாசன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் கண்ணைப் பந்தியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, நான் எப்போது உளறுவேன் என்று பின்னால் காத்து நிற்கும் ஆண்கள் அணிச் சிங்கங்களே, உங்கள் அனைவரின் மூக்குகளே! மூக்குகளுக்குத் தனி வணக்கம். இன்று என் பேச்சே உங்களோடுதான்.

நான் ஷெர்லின். ஆலந்தலைப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஒரு சாவி கேட்டு வந்திருக்கிறேன்.

எந்தச் சாவி? இந்த மண்டபத்துக்குப் பின்னால், பூட்ஸும் பந்தும் கையுறையும் குடியிருந்த அறையின் சாவி. பூட்டியது யார்? அண்ணாச்சி. ஏன் பூட்டினார்?

போன மாதம் இதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். சமையல்கார அமலோற்பவம் அக்காவின் பிரியாணி. தம் உடைத்து, பந்தி பரிமாறிய நேரம் பார்த்து எங்கள் அறையின் ஜன்னல் காற்றில் திறந்துகொண்டது. மாப்பிள்ளையின் மாமா ஒரு கவளம் எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார்.

"ஏலே, கறி கெட்டுப்போச்சுல்லா?"

பந்தி முழுக்கக் கை நின்றது. அக்கா ஓடிவந்து, மாமாவின் இலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"காலையில அறுத்த கெடா. கெட்டது கறியில்ல. இங்கன வேற என்னமோ செத்துக் கெடக்கு."

செத்ததைத் தேடிப் போனார்கள். அறையைத் திறந்தார்கள். பையைத் திறந்தார்கள். உள்ளே கிடந்தவை என் கையுறைகள்.

ஆண்கள் அணி ரெனிஷ் அண்ணே, சிரிக்காதீர்கள். உங்கள் பூட்ஸும் அதே அறையில்தான் இருந்தது. வழக்கில் நாம் கூட்டாளிகள்.

அன்றே அண்ணாச்சியின் தீர்ப்பு வந்தது. "நாத்தம் போற வரைக்கும் பிள்ளைகளுக்கு ரூமும் இல்ல, மேட்சும் இல்ல." வரும் ஞாயிறு மணப்பாட்டுப் பெண்கள் அணியோடு இறுதிப்போட்டி. எங்கள் பந்தோ அணித் தோழி ஜெபிஷா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது.

நாங்கள் துவைக்காத பிள்ளைகளா? தாய்மார்களே, துவைத்தோம். ஆட்டம் முடிந்த கையோடு துவைத்தோம். எங்கே? கடலில். கடல் எதிரே கிடக்கக் குழாயடியில் யார் வரிசை நிற்பது? உப்பிட்ட மீனே கெடுவதில்லை, உப்பிட்ட கையுறை கெடுமா என்று நினைத்தோம். மீனையாவது உப்பிட்டு உலர்த்துகிறோம். இதை உப்பிட்டு, உருட்டி, பைக்குள் திணித்தோம்.

மழை மாதத்தில் உங்கள் அடுப்படி உப்பு ஜாடி என்ன செய்கிறது? காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிகிறது. அந்த ஜாடியைத்தான் நான் கையில் மாட்டிக்கொண்டு பந்து பிடித்தேன். உலராத ஈரம், ஊறிய வியர்வை, காற்று புகாத பை. கிருமிகளுக்கு அது கல்யாண வீடு. அங்கே மட்டும் பந்தியை யாரும் நிறுத்தவில்லை. என் விரலிடுக்கெல்லாம் வெந்து உரிந்தது.

"ஏளா, விஷயத்துக்கு வா" என்கிறார் அண்ணாச்சி. வந்துவிட்டேன்.

இப்போது நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுகிறோம். கொஞ்சம் சோப்பு. முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, காற்றோடும் நிழலில் தொங்கவிடுகிறோம். வெயில் கையுறையை வெடிக்கவைக்கும். பூட்ஸுக்குள் ஈரம் உறிஞ்சப் பழைய செய்தித்தாள். பைக்கும் குளியல் உண்டு, பாவம், அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

நம்புவதற்கு அத்தாட்சி? அண்ணாச்சி அவர்களே, எழாமல் கேளுங்கள். நீங்கள் அமர்ந்த பிறகு வரவேற்புரை முடிந்தது, ஆண்டறிக்கை முடிந்தது, ஜெபிஷாவின் பாட்டுகூட ஒருவழியாக முடிந்தது. நடுவில் பிரியாணி வாசம் வந்தபோது "அமலோற்பவம், மணம் தூக்குதே" என்று மைக்கிலேயே சொன்னீர்கள். தாய்மார்கள் சாட்சி.

இனி, உங்கள் நாற்காலிக்கு அடியில் இருக்கும் பையை எடுங்கள்.

ஆம், அதே கையுறைகள். நேற்று மாலை ஆடியவை. இன்று நாற்காலி போட்டவள் நான்.

முகர்ந்து பார்க்கிறார். மறுபடியும் பார்க்கிறார். சட்டைப்பைக்குள் கை போகிறது. கைக்குட்டைக்கா? சாவிக்கா?

சாவிக்கு.

தந்த கைக்கும், சாட்சி சொன்ன மூக்குகளுக்கும், எங்கள் பழியைச் சுமந்த அமலோற்பவம் அக்காவின் அண்டாவுக்கும் நன்றி. ஞாயிறன்று மைதானத்துக்கு வாருங்கள். அதுவரை பிரியாணியை நம்பிச் சாப்பிடுங்கள். வணக்கம்.