அரை மில்லிகிராம் நிலக்கரி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள் மேடம். தூசி என்றால் எனக்கு ஆகாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தொழில் அப்படி. பத்தொன்பது வருடமாக எலும்பு கழுவுகிறேன். வீட்டில் என் மனைவி சொல்வாள்: "இன்னும் சோத்தை மட்டும்தான் ஆசிட்ல போட்டுக் கழுவல. அதுவரைக்கும் நான் செஞ்ச புண்ணியம்."

உங்கள் தாளில் என்னை விஞ்ஞானி என்று எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிடுங்கள். விஞ்ஞானிகள் மாடியில் இருக்கிறார்கள். நான் கீழ்த்தளம், மூன்றாவது அறை, மாதிரிகளைச் சுத்தம் செய்கிறவன். தோண்டி எடுத்த எலும்பு, கரித்துண்டு, ஏரிச்சேறு எது வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். மண்ணில் கிடந்த எலும்பில் வேர் ஏறியிருக்கும், மட்கிய இலையின் சாறு ஊறியிருக்கும். சில புத்திசாலிகள் உடைந்த எலும்பைப் பசை போட்டு ஒட்டியே அனுப்பிவைப்பார்கள். அதையெல்லாம் நீக்காமல் வயது பார்த்தால் எலும்பும் வேரும் பசையும் கலந்து ஒரு குளறுபடியான வயதுதான் வரும். ஆகவே முதலில் ஆசிட், பிறகு காரம், மறுபடி ஆசிட், நடுநடுவே சுத்தமான தண்ணீர். நாலைந்து நாள் கழித்து எலும்பின் சாரம் மட்டும் வெள்ளைப் பஞ்சு மாதிரி மிஞ்சும். அதைக் குழாயில் அடைத்து எரித்து, வருகிற வாயுவைக் கரியாக்கி, அடுத்த அறை மெஷின்காரரிடம் கொடுப்பேன். அதில் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். உயிர் போன நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறைவோ அவ்வளவு பழசு.

என் வயிற்றெரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். மாடியில் எங்கள் ஆய்வகத் தலைவர் இருக்கிறார், பெரியவர் என்போம். அவர் நினைத்த வயதே வந்துவிட்டால் மாதிரி அருமையான மாதிரி, அறிக்கையில் அவர் பெயர். நினைத்தது வராவிட்டால் கழுவினது சரியில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அவர் நினைப்பு தப்பாக இருந்ததில்லை. என் கைதான் தப்பு. மெஷின்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. போன் அடித்தாலே, "அண்ணே, உங்க பக்கம் ஏதோ அழுக்கு" என்றுதான் பேச்சே தொடங்கும். சிவப்பு மையில் 'மீண்டும் கழுவவும்' என்று எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். டப்பா நிரம்பி மூடி நிற்காமல் போய், ரப்பர் பேண்ட் போட்டேன்.

இப்போது நான் செய்த முதல் தவறைச் சொல்கிறேன். மாதிரியைச் சுழற்றி வண்டலைப் பிரிக்கிற இயந்திரம் எங்களுடையது பழுதாகிவிட்டது. புதியது வேண்டும் என்று நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை படிவம் பழசு என்று திரும்பியது, ஒரு தடவை கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று திரும்பியது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இடையில் மாதிரிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிடத்து மருந்து ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அவர்களும் அதே கதிரியக்கக் கார்பனைத்தான் வைத்து வேலை செய்கிறார்கள், ஆனால் எங்களுடையதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வீரியம். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைக்கூட எங்கள் அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். ஒரு துளி ஒட்டினால் போதும், எங்களுக்கு வருகிற எலும்பெல்லாம் நேற்றுச் செத்தது போலக் காட்டும். அப்படித்தான் ஆனது. இரண்டு வாரம் எல்லா வயதும் குளறுபடி. நான் இயந்திரத்தைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர், மேஜை, குழாய் ஒன்று விடாமல் துடைத்தேன், எல்லாப் பாத்திரத்தையும் தூக்கிப் போட்டேன். சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறைக்குப் பூட்டு, எனக்கு வீடு.

அதற்கு அடுத்த வருடம்தான் கல்குவாரி எலும்பு வந்தது.

மழையில் குவாரியின் ஒரு பக்கம் சரிந்து, மண்டையோட்டோடு ஓர் எலும்புக்கூடு தெரிந்திருக்கிறது. கூடவே பழைய பானை ஓடுகள். அந்தக் குவாரியில் லாரி ஓட்டிய ஒரு பையன் ஐந்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போயிருந்தான். குவாரி முதலாளியோடு அவனுக்குத் தகராறு, ஆகவே போலீஸ் முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு எலும்பை எங்களுக்கு அனுப்பியது. புதுசு என்றால் மேற்கொண்டு பரிசோதனை, வழக்கு. பழசு என்றால் கோப்பை மூடிவிட்டு எலும்பைத் தொல்லியல்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பையனுடைய அம்மா முடிவு தெரிய வேண்டும் என்று நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பறையில் யாரும் பதில் சொல்லாததால் கீழே என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அது என் புள்ளையா இல்லையா? இல்லைன்னா நான் பாட்டுக்குத் தேடிக்கிட்டே இருப்பேன். ஆமான்னா எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிடுவேன். ரெண்டும் இல்லாம கெடக்குறேன் பாரு, அதுதான் முடியல."

வேலை முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். நன்றாகத்தான் கழுவினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் கழுவியதில்லை.

மெஷின்காரர் போன் அடித்தார். "அண்ணே, நூத்திப்பத்து காட்டுது. மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

நூறு என்பது முழு அளவு மேடம். அந்தக் காலத்து ஆள் யாருக்கும் நூறைத் தாண்டாது. தாண்டினால் இரண்டே காரணம். ஒன்று, அறையில் அழுக்கு. இல்லாவிட்டால் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் இந்தக் கார்பன் கூடியபிறகு வாழ்ந்த மனிதன், அதாவது நம் காலத்து ஆள். மாடியில் பெரியவருக்கு இரண்டாவது காரணம் தோன்றவே இல்லை. பானை ஓடு கிடைத்ததால் அது பழைய இடுகாடு என்று அவர் ஏற்கெனவே முடிவுகட்டி, கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "திரும்பக் கழுவுங்க. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா ரூமை மூடி, சுவர் சுவராத் தொடச்சுப் பார்த்துடுவோம்" என்றார்.

சுவரைத் துடைத்தால் இரவல் இயந்திரம் வெளியே வந்துவிடும். என் துடைப்புக்குத் தப்பிய துளி ஏதாவது மூலையில் இருக்கும். ஆக, நூற்றுப்பத்துக்குக் காரணம் அந்தத் துளிதான், அதிகமாக ஏறியதை நான் இறக்கிவிட்டால் அது திருத்தம்தானே என்று நினைத்தேன். நேற்று உங்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

எங்களிடம் நிலக்கரி எப்போதும் இருக்கும். அதில் கதிரியக்கக் கார்பன் துளிகூடக் கிடையாது, கோடி வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. அறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் எரித்துப் பார்ப்போம். ஐந்து மில்லிகிராம் பஞ்சோடு அரை மில்லிகிராம் நிலக்கரியைச் சேர்த்துக் குழாயை அடைத்தேன். ஒரு கொசுவின் எடையில் கால்வாசி. கணக்கை ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கம் போட்டேன். எழுநூறு வருடம் வந்தது.

பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். "இதுதான்யா வேலை" என்றார். வீட்டில் சொன்னபோது மனைவி, "பரவாயில்லையே, அந்த மனுஷனுக்கு வாய் இருக்கா?" என்று சிரித்தாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

முதலாளி வெளியே வந்தார். அந்த அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். "உங்க பையன் இல்லம்மா. இது எழுநூறு வருஷத்துக்கு முந்தின ஆளு." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் சிரித்தார். "அப்ப எங்கேயோ நல்லா இருக்கான். இரு, வரட்டும், ரெண்டு அறை விடுறேன்" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டாவது எலும்பு மூன்று வருடம் கழித்து வந்தது. அதே குவாரி, இருபதடி தள்ளி. குவாரியின் லாரி எடைமேடையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண். அவள் காணாமல் போனது முதலாளி வெளியே வந்து எட்டாவது மாதம் என்று நீங்கள் சொன்னீர்கள். சரியாக இருக்கலாம், நான் எண்ணிப் பார்க்கவில்லை. மெஷின்காரர் நூற்று ஒன்பது என்றார். ஒரே இடத்தில் ஒன்று எழுநூறு வருடம், ஒன்று நேற்று என்று வந்தால் முதல் அறிக்கையைத் திரும்ப எடுக்கவேண்டி வரும். கணக்குப் பார்த்து, அரை மில்லிகிராமுக்கு ஒரு மயிரிழை குறைவாகப் போட்டேன். இரண்டும் பத்து வருட வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அந்த அளவு ஒற்றுமை எங்கள் ஆய்வகத்தில் அதற்கு முன் வந்ததில்லை என்று பெரியவர் கூட்டத்தில் சொன்னார். குழியை நான் வெட்டவில்லை மேடம். வெட்டியவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு எலும்பிலும் மிச்சமிருந்த துண்டுகளை ஓர் ஆராய்ச்சி மாணவி, அந்தக் காலத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தாள். அங்கே வயதையும் பார்த்திருக்கிறார்கள், இவர்கள் நம் காலத்து ஆட்கள் என்று பதில் வந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம்.

நீங்கள் காட்டும் நோட்டு என்னுடையதுதான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கையெழுத்தும் என்னுடையது. முதல் எலும்பை எரித்த அன்றே, அதே அறையில், வெறும் நிலக்கரியையும் எரித்துப் பார்த்திருக்கிறேன். அறை சுத்தம் என்று வந்திருக்கிறது. தேதியைப் பாருங்கள், கலந்ததற்கு இரண்டு நாள் முந்தையது. ஆமாம், அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அது அந்தப் பையன்தான் என்றும் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

முதல் மண்டையோட்டைப் பெரியவர் தொல்லியல்காரர்களிடம் கேட்டு வாங்கி எங்கள் நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். காத்திருக்கிறவர்களுக்கான பெஞ்சு அதற்கு நேர் எதிரே. புது எலும்பு ஏதாவது வந்ததா என்று கேட்க அந்த அம்மா மாதம் ஒரு தடவை வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுவார். தண்ணீர் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, பாவம். இவங்கம்மாவும் தேடியிருப்பா, இல்ல தம்பி?" என்றார்.

"அவங்கல்லாம் போய் எவ்வளவோ காலமாச்சும்மா. நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி. அந்த அம்மாவிடம் சொல்லும்போது மெஷின் கோளாறு என்று சொல்லிவிடுங்கள். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை ஒரே தடவையில் நம்பியவர் அவர் ஒருத்தர்தான், அவரிடம் எனக்கு நல்ல பெயர் இருக்கிறது.