ஒரு ஆள் போட்ட ரகசிய ஓட்டு

— அதைச் சொல்லக் கூடாதும்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்.

— நல்லா இருக்கே கதை! எண்பத்தாறு வயசாச்சு. போனா உங்களை எரிக்கறதா, புதைக்கறதான்னு கட்டின பொண்டாட்டி கேட்டா, சொல்லக் கூடாதா?

— சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனா எழுதி, உறையில போட்டு, சபைகிட்ட குடுத்தாச்சு. குடுத்த நிமிஷத்துலேர்ந்து அது சபை ரகசியம். இதோ செயலாளரே உக்காந்திருக்கார், கேளு.

— விதிப்படி அண்ணன் சொல்றது சரிதான் அண்ணி. எங்க ஃபிரீமேசன் ரகசியச் சகோதரர் சபையில மூத்த சகோதரர் ஒவ்வொருத்தரும் கடைசி விருப்பத்தை எழுதி ஒட்டிக் குடுத்துடணும். அதுக்குன்னு தனிப் பெட்டகம். முப்பது வருஷமா சாவி என்கிட்டதான்.

— ஆள் போனதும் பிரிச்சு, குடும்பத்துக்குப் படிச்சுக் காட்டுவீங்க?

— அய்யய்யோ! குடும்பத்துல யாரும் உறுப்பினர் இல்லையே அண்ணி. நாங்க மட்டும் படிச்சுப் பார்த்துட்டு, கண் கலங்கிட்டு, மறுபடி ஒட்டி வச்சுடுவோம்.

— அப்ப போன வருஷம் செத்துப்போன உங்க சபை வக்கீல்?

— எரிக்கச் சொல்லி எழுதியிருந்தார்.

— புதைச்சாங்களே! நான் வந்திருந்தேனே! நீங்களும் குழிக்குப் பக்கத்துலதானே நின்னீங்க?

— நின்னேன் அண்ணி. விதிப்படி வாயைத் திறக்கல. அந்தம்மா மண்ணை அள்ளிப் போடும்போது எனக்கு நெஞ்சே வெடிச்சுடும் போல இருந்துச்சு.

— பேண்டு மாஸ்டர் கதையையும் சொல்லுய்யா.

— அவர் தன் சாவு ஊர்வலத்துல ஒரு சத்தமும் கூடாதுன்னு எழுதியிருந்தார். மகன் மூணு பேண்டு வச்சுட்டான்.

— நல்லா வாசிச்சாங்க. அதை மறைக்கக் கூடாது.

— இந்த லட்சணத்துல நாளைக்கு உங்களுக்கு அறுபது வருஷ மரியாதை, மாலை, பதக்கம்! நான் முதல் வரிசையில உக்காந்து கைதட்டணுமாக்கும். வர மாட்டேன் போங்க.

— ஏம்மா, சபை விழாவுக்கு இடுப்புல கட்டற அந்த வெள்ளை ஏப்ரனை நீதானே கட்டிவிடணும்? முதுகுப் பக்கம் எனக்குக் கை எட்டாது.

— செயலாளர் கட்டிவிடட்டும். நாப்பது வருஷம் நர்ஸா இருந்தவ நான். பிணத்தை நடுக்கூடத்துல போட்டுட்டு, இவன் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, சட்டையைப் பிடிச்சுக்கறதை எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன்! நாளைக்கு நம்ம ரெண்டு பொண்ணுங்களும் என் முகத்தைத்தான் பார்ப்பாங்க. நான் எதைச் சொல்ல?

— அண்ணி, வாயைத் திறக்கத்தான் தடை. ஓட்டுப் போடத் தடை இல்ல.

— என்ன ஓட்டு?

— புது ஆளைச் சேர்க்கறதுக்குச் சபையில உருண்டை போடுவோம். ஆமான்னா வெள்ளை, வேண்டாம்னா கறுப்பு. விழாவுக்குப் பாலிஷ் போடணும்னு ஓட்டுப் பெட்டி என் பையிலேயே இருக்கு. நீங்க கேளுங்க, அண்ணன் போடட்டும்.

— சரி, எடுங்க. எரிக்கணுமா?

— திரும்பிக்கங்க அண்ணி. நானும் கண்ணை மூடிக்கறேன். ஆச்சா அண்ணே? எண்ணறேன். பதிவான ஓட்டு மொத்தம் ஒண்ணு. கறுப்பு ஒண்ணு.

— ஆக, உங்களுக்கு எரிக்கறது பிடிக்கல.

— அவசரப்படாதீங்க அண்ணி. யார் போட்டதுன்னு தெரியாது. இது ரகசிய ஓட்டு.

— போட்டதே ஒரு ஆளுதானய்யா!

— விதிப்படி, அது எங்களுக்குத் தெரியாது.

— என்னை ஏம்மா முறைக்கறே? எனக்கும் தெரியாது.

— கடவுளே! சரி, புதைக்கணுமா?

— வெள்ளை! ஏகமனதா நிறைவேறிடுச்சு அண்ணி!

— சபைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு இடம் வேலி போட்டு வச்சிருக்கீங்களே, அங்கயா? அருமையான இடங்க அது. எல்லாம் பழகின ஆளுங்க. பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது. நல்லா யோசிச்சுப் போடுங்க.

— கறுப்பு அண்ணி.

— இன்னொரு தரம் எண்ணுங்க.

— ஒண்ணை எத்தனை தரம் எண்ணறது?

— கை நடுங்கித் தப்பா விழுந்திருக்கும். மறு ஓட்டு வைங்க.

— நடுங்கற கையா இது? ஊர்ல பாதிப் பேருக்குப் பல் பிடுங்கின கை!

— அப்ப எங்கதான்?

— எங்கன்னு கேட்டா உருண்டை எப்படி அண்ணி பதில் சொல்லும்? ஆமா, இல்லைன்னு வர மாதிரிக் கேளுங்க.

— என் பக்கத்துலயா?

— போட்டாச்சு. நீ எண்ண வேண்டாம்யா, பெட்டியை மூடு. நானே என் வாயால சொல்லிடறேன்.

— அண்ணே! சத்தியம்! அறுபது வருஷம்! நாளைக்குப் பதக்கம்!

— பதக்கத்தை நீயே குத்திக்க. ஏம்மா, இங்க பாரு. இடுகாட்டுல மேற்கு மதிலை ஒட்டி இடம் பார்த்து, எழுதி வாங்கியாச்சு. ரெண்டு ஆள் தாராளமா படுக்கலாம். உனக்குச் சுவர்ப் பக்கம். நீ எப்பவும் சுவர்ப் பக்கம்தானே படுப்பே? நான் குறட்டை விட்டா இடிக்கறதுக்கு வாகா, ரொம்பத் தள்ளிப் போட வேண்டாம்னும் எழுதியிருக்கேன். அட, ஏன் அழறே? உருண்டை வெள்ளைதாம்மா!

— என்னங்க, நான் என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் குடுத்து ஒன்பது வருஷம் ஆச்சுங்க.