கத்திரிக்கு வைத்த பூஞ்சணம்

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“பூஞ்சணத்தக் கொன்னுட்டு குந்திகினு கீறியே,” என்றாள் அவள்.

“பூஞ்சணம்னா நோவுதானேமே? அதான் மருந்து ஊத்துனேன்.”

“உப்பு மண்ணுல கத்திரி பொழைக்கத்தான் அந்தப் பூஞ்சணத்த வேர்ல வெக்கச் சொன்னாங்க வெவசாய ஆபீசுல. வெச்சதும் தழைச்சி வந்துச்சே, கண்ணு இல்லியா? இப்போ மொத்தமும் கருகிப் போச்சு.”

“சரி வுடு. மனை போடறவன் கேட்டுகினே கீறான், இன்னிக்கே அம்பத்தூர்ல எறங்கி பத்திரம் எழுதி நெலத்தக் குடுத்துரலாம்.”

“குடு. அவன் நடற கல்லாவது கருகாம நிக்கட்டும்.”

மருந்தில்லாமல் மறுபடி வைத்தால் அதே பூஞ்சணம் புது நாற்றைக் காப்பாற்றும் என்று வேளாண்மை படித்த எனக்குத் தெரியும். பத்திரம் எழுத அவர்கள் அம்பத்தூரில் இறங்கும்வரை, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.