நடுவிலிருந்து நூற்றைம்பது மைல்

— மறுபடியும் சொல்லு, நிலானி. மேல குளிர்ந்த காத்து தனியா பிஞ்சு வந்து நிக்குது. கீழ கடல். அப்புறம்?

— வீரம்மாக்கா, இது மூண்டாவது தரம். நாளைக்கு விசாரணையில உங்களிட்ட இதையெல்லாம் கேட்க மாட்டினம்.

— கேக்க மாட்டாங்கன்னு தெரியும் லா. நான்தான் அவங்கள கேக்கப் போறேன். என் வீட்டுக்காரரு முப்பது வருஷம் கப்பல்ல டெக்கு வேலை பார்த்தவரு. டெக்கு ஆளுங்களுக்கெல்லாம் தலைவரு, போசன் நாகையான்னா போர்ட் கிளாங்ல தெரியாத ஆளு இல்ல. அந்த மனுஷன் உத்தரவு இல்லாம டெக்குல போய் அலை அடிச்சுச் செத்தாருன்னு கம்பெனி லெட்டர் போட்டிருக்கு. எந்த மாதிரி புயல்னாவது எனக்குப் புரியணும். நீ அதே கப்பல்ல செகண்ட் மேட், கப்பலை ஓட்டுற ஆபீசரு. நீ சொல்லு.

— கடல் பெரிய சூடு இல்லை அக்கா. பிரேசில் பக்கம், இருபத்து நாலு டிகிரி. எங்கட பக்கத்துத் தைபூன் எண்டால் இருபத்தாறு, இருபத்தேழு வேணும்.

— பின்ன எப்படி புயல் வந்துச்சு?

— மேல இருக்கிற காத்து அவ்வளவு குளிர். அந்த வித்தியாசமே போதும். கீழ இருக்கிற ஈரம் மளமளவெண்டு ஏறும்.

— நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸ்ல தேயிலை போட்டு தே கலக்குறேன்ல? பென்ட்ரில ஆவி அவ்வளவா தெரியாது. அதே கிளாச மீட்டிங் ரூமுக்கு, ஏர்கான் பதினாறுல ஓடுற எடத்துக்குத் தூக்கிட்டுப் போனா புகை மாதிரி எழும்பும். அப்படியா?

— ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான். அந்த ஆவி மேகமாகேக்க சூட்டை விடும். குளிர்ந்து கிடந்த நடுப்பகுதி மெல்ல மெல்லச் சூடாகும். காத்து அதைச் சுத்தத் தொடங்கும். பாதி குளிர் நாட்டுப் புயல், பாதி எங்கட புயல். உபவெப்பமண்டலப் புயல் எண்டு சொல்லுறது.

— ரெண்டுங்கெட்டான்.

— அதாலதான் பெயர் வைக்கவும் பிந்திட்டினம். நாங்கள் போகேக்க அதுக்குப் பெயரே இல்லை. அடுத்த நாள்தான் வைச்சவை.

— உங்க கேப்டனும் ஃபோன்ல அதத்தான் சொன்னாரு. பேரில்லாத புயலு, யாரையும் குத்தம் சொல்ல முடியாதாம். நல்லா பேசுறாரு. நீ ஏன் தே குடிக்கல? சீனி கம்மிதான், பயப்படாத.

— குடிக்கிறன் அக்கா.

— புயலு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?

— நடுவில இருந்து நூற்றைம்பது மைல்.

— அது தூரமா, கிட்டவா?

— தைபூன் எண்டால் நடுவுக்குக் கிட்டத்தான் காத்து பேயாட்டம் ஆடும். அவ்வளவு தள்ளி நிண்டால் அநேகமாத் தப்பலாம். நான் கப்பல் ஓடினதெல்லாம் எங்கட பக்கத்துக் கடல், அந்தக் கணக்குத்தான் கையில இருந்தது. இது அப்பிடியில்லை. நடுவில அகலமா ஓய்ஞ்சு கிடக்கும். பலமான காத்து வெளிப்பக்கம், நூறு மைல், நூற்றைம்பது மைல் தள்ளி.

— அப்ப நீங்க நின்ன எடம்?

— சரியா அதுக்குள்ள.

— அந்த தூரத்த யாரு அளந்தா?

— கேப்டன் படுத்திருந்தார்.

— யாருன்னு கேட்டேன்.

— நான்.

— ம்.

— நான்தான் அக்கா. முன்பக்க ஸ்டோர் கதவு கட்டு விட்டு அடிச்சுக்கொண்டு இருந்தது. புயல் தூரம்தானே, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு எண்டு நினைச்சன். ரேடியோவில நாகையா அண்ணையைக் கூப்பிட்டு, புயல் இன்னும் தூரம், போய் இறுக்கிட்டு வாங்கோ எண்டு நான்தான் சொன்னன். ‘சரி மேடம்’ எண்டார். பிறகு கேப்டன் அதை எழுதேல்லை. உத்தரவு இல்லாமப் போனார் எண்டு தானே ஒரு தாள் எழுதி என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைச்சன்.

— நாலு மாசம் ஆச்சு.

— ஓம். வேலை செய்யேக்க ஒண்டும் தெரியாது. காலமை பல்லு விளக்கேக்க மட்டும் அந்த ‘சரி மேடம்’ கேக்கும். நாளைக்கு நான் உண்மையைச் சொல்லப் போறன். அதைச் சொல்லத்தான் இங்க வந்தனான். நீங்கள் புயலைப் பற்றிக் கேட்டீங்கள், நானும் அதுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு இருந்திட்டன்.

— லைசன்ஸ் போயிடும்.

— போகட்டும்.

— கேப்டன் உன்னைச் சும்மா விடமாட்டாரு.

— தெரியும். சொல்லுறதெண்டு முடிவெடுத்திட்டன்.

— அப்ப அழாத. இங்க அழுது பழகினா நாளைக்கு அங்க பேச்சு வராது. கண்ணைத் தொடைச்சுட்டு என் ஃபோனைப் பாரு. அன்னிக்கு அவரு கப்பல்ல இருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு.

— எப்ப?

— நீ கூப்பிட்டதுக்கு அப்புறம், டெக்குக்குப் போறதுக்கு முன்னாடி. நான் யாருக்கும் போட்டுக் காட்டல. காட்டினா உத்தரவு இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும், ஆனா தெரிஞ்சே போனாருன்னு பழியை அவரு தலையிலயே கட்டிடுவாங்க. அந்த பயம்தான். நாளைக்கு நீ உன் தப்பைச் சொல்லு. நான் அவரு தப்பைப் போட்டுக் காட்டுறேன். எதையும் மறைக்க வேணாம். கேளு.

— “வீரா, முன்னால ஒரு வேலை, மேடம் போகச் சொல்றாங்க. காத்து கூடிக்கிட்டே வருது, அந்தப் பிள்ளை போட்ட கணக்குத் தப்புன்னு தோணுது. ஆனா எல்லாரும் கேக்குற ரேடியோவுல அதை எப்படிச் சொல்றது, புதுசா வந்த பொம்பளப் பிள்ளை, பசங்க சிரிப்பானுங்க. போயிட்டு வந்து தனியா சொல்லிக்கிறேன்.”