தட்டிப் பாத்த மரம்

இல்ல மேடம், அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க, ஜன்னலுக்கு நேரா. ஆங், இப்பச் சரி. மூஞ்சில வெளிச்சம் விழுந்தாத்தான் பேச நல்லா இருக்கும். ஃபேன நிறுத்திட்டேன், கோவிச்சுக்காதீங்க. ரொம்ப வேர்த்தா சொல்லுங்க, போடுறேன். வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க? வாசல் மரத்தடியிலயா? நல்லது, நிழலா இருக்கும். டிரைவரு சீட்டச் சாச்சுப் படுத்துட்டாரு போல. படுக்கட்டும், பாவம், காலையிலருந்து உங்களக் கூட்டிட்டு எத்தன ஆபீஸ் ஏறி எறங்குனாரோ.

ம்? மூணே கால் மேடம். மூணே கால், அந்தக் கடிகாரம் கரெக்டாத்தான் ஓடுது. என்ன, அது இல்லையா? ஓ, என்ன பணியா! இங்க எனக்கு என்ன பணின்னு கேட்டீங்களா? நான் என்ன மணின்னு நெனச்சுட்டேன். பாக்குறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குல்ல. சிரிங்க, சிரிங்க. இந்த ரூமுக்குக் கணக்குப் பாக்க வந்தவங்க யாரும் சிரிச்சதே இல்ல, நீங்கதான் மொதல் ஆளு.

என் பணி மரம் தட்டுறது மேடம், அவ்வளவுதான். இயற்கைப் பாதுகாப்புத் துறை, மரப் பரிசோதனைப் பிரிவுன்னு வெளிய போர்டு பெருசா இருக்கும். உள்ள வந்தா நான், ஒரு கிளார்க்கு, ஒரு ஓட்ட ஜீப்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப்பு, எங்கல்லாம் ஜனங்க மரத்தடியில நிக்கிறாங்களோ அங்கல்லாம் போயி, இந்த மரச் சுத்தியலால அடிமரத்தச் சுத்தித் தட்டணும். உள்ள கெட்டியா இருந்தா ஒரு சத்தம் வரும். உளுத்துப் பொந்து விழுந்திருந்தா வேற சத்தம். கெட்டின்னா பச்சைத் தகடு அடிச்சுட்டு வந்துருவேன். பொந்துன்னா செவப்புத் தகடு, அடுத்த வாரம் ஆளுங்க வந்து வெட்டிருவாங்க. பத்தொம்பது வருஷமா இதேதான். எல்லாருக்கும் நான் மரங்கொத்தி. எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையப் பாத்துட்டுத்தான் பாதிப் பேருக்கு என் நெஜப் பேரே தெரிஞ்சுச்சு.

மேசையில தட்டிக் காட்டட்டுமா? இதோ, இது மேசைக் காலு, கெட்டி மரம். கேட்டீங்களா? இப்ப இது டிராயர் மேல, கீழ காலி. கேட்டீங்களா? வித்தியாசம் தெரியுதுல்ல? நல்லாவே தெரியுதா? எப்படித் தெரியுது, கொஞ்சம் சொல்லுங்களேன். ஆமா. மொதல் சத்தம் சட்டுனு நின்னுருது, ரெண்டாவது உள்ள போயிட்டுத் திரும்பி வருது. ஆமா மேடம், அதேதான், அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு நல்ல காது.

ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பேனாவ மட்டும் வாயிலருந்து எடுத்துடுங்களேன். ஆங். தேங்க்ஸ் மேடம்.

சொல்லுங்க. நூத்துக்குத் தொண்ணூத்தேழு மரம் நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கீங்க, அத எழுத எதுக்கு ஒரு ஜீப்பும் ஒரு ஆபீசும்னு கேக்குறீங்க? சரியான கேள்வி. மக்கள் வரிப்பணம், கேக்கத்தான் வேணும். போன தடவ வந்தவரு இன்னும் ஒரு படி மேல போயி, மரம் விழுந்தப்புறம் ஆள் அனுப்பி வெட்டுனா செலவு கம்மின்னாரு. விழுந்தப்புறம்! வாய் கூசாமச் சொன்னாரு. நான் ஒண்ணு கேக்குறேன் மேடம். ஒரு மரம் விழாம நின்னுச்சுன்னா அத எந்த ரெஜிஸ்டர்ல எழுதுறது? சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நாப்பது பேரு நிக்கிறாங்க. பஸ் வருது, ஏறுறாங்க, வீட்டுக்குப் போறாங்க, சோத்துல உப்பு இல்லன்னு சண்ட போடுறாங்க, தூங்குறாங்க. அந்தச் சண்டதான் மேடம் எங்க வேலை. ஆனா எவனாவது வந்து, அண்ணே, இன்னிக்கு எம் மேல மரம் விழல, ரொம்ப நன்றின்னு சொல்வானா? நடக்காததுக்கு எப்படிக் கணக்கு காட்டுறது, நீங்களே சொல்லுங்க.

ம். ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கத்துல வெரல வெச்சுட்டீங்க. வைப்பீங்கன்னு தெரியும். ஆமா, நடந்துச்சு. பத்தொம்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணு, போன வருஷம்.

அவரு சாவிக்காரரு. மார்க்கெட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு. அதுக்கடியில ஒரு ஸ்டூலு, சாவி வெட்டுற மிஷினு, பலகையில கொத்துக் கொத்தா சாவி. வருஷத்துக்கு ரெண்டு தடவ அந்த மரத்தத் தட்டப் போவேன். என்ன மரங்கொத்தி, என் கூரை எப்படி இருக்குன்னு கேப்பாரு. உனக்கப்புறமும் நிக்கும்யா, கவலப்படாதன்னு சொல்வேன். வெளையாட்டாச் சொல்றதுதான். இப்ப அத நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருக்கு.

ஒரு நாள் மத்தியானம் இங்கயே வந்துட்டாரு. கடைய விட்டு எந்திரிக்கவே எந்திரிக்காத மனுஷன். மரங்கொத்தி, ரெண்டு நாளா காத்தடிச்சா மரம் முனகுது, வந்து பாருன்னாரு. முனகுதுன்னா எப்படின்னேன். காய்ச்சக்காரன் தூக்கத்துல முனகுவானே, அந்த மாதிரின்னாரு. கூடவே போனேன். சுத்திச் சுத்தித் தட்டுனேன். கைய வெச்சுப் பாத்தேன், காத வெச்சுப் பாத்தேன். அவரு மரத்தப் பாக்கல மேடம், என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு. நான், ஒண்ணுமில்லய்யா, மேல கெளையும் கெளையும் ஒரசுது, போயி பொழப்பப் பாருன்னேன். அப்படியே முகம் தெளிஞ்சுருச்சு. நீ சொன்னாச் சரின்னு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. இந்த அலமாரிச் சாவிக்கு டூப்ளிகேட் வேணும்னு அங்கயே குடுத்துட்டு வந்தேன். நாளைக்கு வாங்கிக்கன்னாரு. நான்தான் போகல, மறந்துட்டேன்.

ஒம்பதாம் நாள் விழுந்துருச்சு. மழையும் இல்ல, புயலும் இல்ல, துணி காயப் போட்டா ஆடுமே, அந்த மாதிரிக் காத்து. பஸ் அப்பத்தான் வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போயிருக்கு. அவருக்கு மட்டும் போறதுக்கு எடமில்லையே, அவரு கடை அதானே. நான் போறப்ப அவரத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மரம் ரோட்டுக்குக் குறுக்க கெடக்குது. உள்ள பாத்தேன். ஒரு ஆளு குத்தவெச்சு உக்காரலாம் மேடம், அவ்வளவு பெரிய பொந்து. வெளிப்பட்டையில என் பச்சைத் தகடு, ஒரு கீறல் கூட இல்லாம பளபளன்னு இருக்குது.

விசாரணையா? வெச்சாங்க, மூணு பேரு வந்தாங்க. ரெஜிஸ்டரு சரியா இருக்கு, தேதி சரியா இருக்கு, மரம் தட்டுனதுக்குக் கையெழுத்து இருக்கு. எதிர்பாராத பலத்த காற்றுன்னு எழுதிட்டு, டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஆறுதல் வேற சொன்னாங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு. யாராவது ஒருத்தராவது ஏன்யா இவ்வளவு பெரிய பொந்து உனக்குத் தெரியலன்னு கேப்பாங்கன்னு காத்துட்டே இருந்தேன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனோ என்னமோ.

இருபது நாள் கழிச்சு அவரு சம்சாரம் இந்த ரூமுக்கு வந்தாங்க. கையில ஒரு டப்பா நெறயச் சாவி. யார் யாரு குடுத்திருந்தாங்களோ அவங்கவங்களத் தேடிப் போயித் திருப்பிக் குடுத்துட்டு வர்றாங்க. ஒவ்வொண்ணுலயும் அவரு சீட்டுக் கட்டி வெச்சிருந்திருக்காரு. என்னோடதுல மரங்கொத்தின்னு எழுதியிருந்துச்சு. அந்த நாற்காலியில உக்காந்தாங்க, உங்கள உக்கார வேணாம்னேனே, அதுலதான். காலெல்லாம் ஆடாது மேடம், சும்மா சொன்னேன். வெளிச்சத்துக்கு முதுகு, மூஞ்சி இருட்டா இருக்கு. வாயக் கையால பொத்திட்டு அழுதுட்டே என்னமோ ஒண்ணு கேட்டாங்க. நான் தலைய ஆட்டுனேன். மறுபடியும் கேட்டாங்க. மறுபடியும் ஆட்டுனேன். சாவிய மேசையில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மரம் நல்லாத்தான இருந்துச்சுன்னு கேட்டாங்களா, நீங்க ஒழுங்காப் பாத்தீங்களான்னு கேட்டாங்களா, இல்ல அவரு எங்கிட்டச் சொன்னதப் பத்திக் கேட்டாங்களா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எதுக்கோ ஆமான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஏன் தெரியாதா? காது கேக்காது மேடம் எனக்கு. மூணு வருஷம் ஆச்சு.

எழுதிக்குங்க, எழுதிக்குங்க, எழுதத்தான சொல்றேன். உங்க வாயப் பாத்துத்தான் இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்கேன். கொஞ்ச நஞ்சம் கேக்குறத ஃபேன் முழுங்கிரும், அதான் நிறுத்துனேன். எம் பொண்டாட்டிக்குத் தெரியும், வெளியூர்ல ஒரு காது டாக்டருக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லிப் பாத்தா, அழுதும் பாத்தா. காதுல மாட்டுற மிஷின் வாங்கிக் குடுத்தா, இதோ டிராயர்ல கெடக்கு. அதப் போட்டுட்டுத் தட்டுனா தகரத்துல கல்லு விழுந்த மாதிரி எல்லா மரமும் ஒரே எரைச்சல். வருஷா வருஷம் ஆபீசுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டு உண்டு. கண்ணப் பாப்பாரு, பிரஷர் பாப்பாரு, கையெழுத்துப் போட்டுருவாரு. மரம் தட்டுறவனுக்குக் காதப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் ஞாபகப்படுத்த வாய் வரல.

மொதல்ல என்ன ஆச்சு தெரியுமா? எல்லா மரமும் பொந்து மாதிரியே கேட்டுச்சு. ஒரே மாசத்துல பதினோரு மரத்துக்குச் செவப்புத் தகடு அடிச்சுட்டேன். வெட்டுனாங்க. வெட்டிப் பாத்தா பதினொண்ணும் உள்ள வைரம் பாஞ்ச கட்டை. ஜனங்க சத்தம் போட்டாங்க, மேலதிகாரி கூப்பிட்டு என்ன மரங்கொத்தி, வயசாயிருச்சான்னு கேட்டுச் சிரிச்சாரு. அன்னிக்குப் பயந்தவன்தான். அதுக்கப்புறம் சந்தேகம் வந்தா பச்சை. சந்தேகம் எப்ப வரல? எல்லாமே பச்சை. காது போச்சுன்னு தெரிஞ்சா, வேற தட்டுற ஆளு இல்ல, பிரிவயே மூடிருவாங்க, அதனாலதான் மறைக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சப்பைக்கட்டு மேடம். மரங்கொத்திங்கிற பேரு போயிருமேன்னுதான் மறைச்சேன். அந்த மனுஷன் செத்தப்புறமும் தட்டிட்டுத்தான் இருந்தேன், பச்சை அடிச்சுட்டுத்தான் இருந்தேன். எனக்கே என்னப் பாத்தா அருவருப்பா இருக்கு.

இப்ப வேற ஒரு சத்தமும் சரியாக் கேக்காது, அந்த முனகல் மட்டும் கேக்குது. அவரு சொன்னாரே, நான் ஒரு தடவ கூடக் கேக்காத முனகல், அது. சாப்பிடுறப்ப, குளிக்கிறப்ப, உங்ககிட்டப் பேசுறப்ப, இதோ இப்பக் கூட. அந்தக் காது டாக்டர், அது காதுக்குள்ள வர்ற எரைச்சல், பயப்படாதீங்கங்கிறாரு. அவருக்கென்ன தெரியும்.

இந்தாங்க, இந்த நோட்டு உங்களுக்குத்தான். ஒரு வாரமா உக்காந்து எழுதுனேன், நீங்க வர்றீங்கன்னு கடுதாசி வந்த நாள்லருந்து. மூணு வருஷமா நான் பச்சை அடிச்ச மரம் அத்தனையும் எடத்தோட இருக்கு. ரெண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சம். பள்ளிக்கூடம் எல்லாம் மொதல் பத்துப் பக்கம், அத மொதல்ல பாக்கச் சொல்லுங்க. நீங்க கேட்டீங்களே, இந்தப் பிரிவால என்ன பிரயோஜனம்னு. பதினாறு வருஷம் எனக்குக் காது கேட்டுச்சு, நான் பச்சை அடிச்ச ஒரு மரமும் ஆள் மேல விழல. காது போச்சு, விழுந்துச்சு. இதவிட என்ன மேடம் கணக்கு காட்டுறது? என்னத் தூக்குங்க, என்ன வேணா பண்ணுங்க, நான் வாயத் தெறக்க மாட்டேன். பிரிவ மட்டும் மூடிறாதீங்க. காது கேக்குற ஆளா ஒருத்தர அனுப்புங்க. சின்ன வயசா, உங்க காது மாதிரி.

என்ன மேடம், ஜன்னலப் பாக்குறீங்க? அட, காகிதமெல்லாம் படபடக்குதே, காத்து எழும்பிருச்சா? எனக்கு இது ஆடுறதப் பாத்தாத்தான் தெரியும். வெளிய ஏதாவது கேக்குதா, முனகுற மாதிரி? இல்லையா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. எதுக்கும் அந்த டிரைவர எழுப்பி, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிருங்க. வாசல் மரமும் நான் தட்டிப் பாத்ததுதான்.