நாலு ஈரம், மூணு காய்ஞ்சது

ஆர்ச்சி: …இந்தக் காலத்துல கூடச் சேந்து வேலை செய்யறவனுக்கு மதிப்பில்ல. கூடச் சேந்து செய்யறேன்னு வாயால சொல்லிட்டுத் திரியறவனுக்குத்தான் மதிப்பு. என்ன அது, இன்னொரு தாளா?

ரோன்டா: உக்காருங்க ஆர்ச்சி. டீ நேரம் முடியறதுக்குள்ள முடிச்சிடலாம். கான்ட்ராக்டர் அனுப்பினது. கத்தரிக்கிற ஏழு பேருக்கும் நான் மார்க் போடணுமாம்.

ஆர்ச்சி: மார்க்கா… நேத்து வரைக்கும் நீயும் என் பக்கத்துல குனிஞ்சு ஆடு கத்தரிச்சவதானே? எங்களுக்காகப் பேசுவேன்னு நாங்கதான் கை தூக்கி உன்னைத் தலைவியாக்கினோம். அவனுக்காகப் பேசறதுக்கு இல்ல.

ரோன்டா: இன்னிக்கும் நான் கத்தரிக்கத்தான் போறேன். கேக்கறீங்களா இல்லையா?

ஆர்ச்சி: படி. அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கும் எட்டாது, படிப்புக்கும் எட்டாது.

ரோன்டா: ஒண்ணு… அடுத்தவங்க பேசும்போது பொறுமையா காது குடுப்பாரா.

ஆர்ச்சி: குடுத்துட்டுத்தானே இருக்கேன். காது எரியுது.

ரோன்டா: ரெண்டு… மனசு விட்டு, ஒளிவு மறைவில்லாம பேசுவாரா. மூணு… கூட்டத்தோட கலந்துக்குவாரா.

ஆர்ச்சி: எனக்கு எத்தனை போட்டே?

ரோன்டா: …பத்துக்கு ரெண்டு.

ஆர்ச்சி: எந்தக் கேள்விக்கு?

ரோன்டா: எல்லாத்துக்கும்.

ஆர்ச்சி: ம்.

ரோன்டா: பின்ன என்ன செய்ய? போன வாரம் கான்ட்ராக்டர் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சுப் பந்து எறியச் சொன்னப்போ நீங்க எழுந்து போயிட்டீங்க.

ஆர்ச்சி: பந்தைப் பிடிச்சவன் கூட இருக்கறவனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமாம். நாப்பத்தொன்பது வருஷமா கொட்டகை கொட்டகையா போறேன். எவனும் என்னைப் பந்தைக் காட்டிப் பாராட்டச் சொன்னதில்ல. நல்லவனா இருந்தா அவன் கத்தியைத் தீட்டிக் குடுப்பேன். அதுக்கு உன் தாள்ல கட்டம் இருக்கா?

ரோன்டா: இல்ல.

ஆர்ச்சி: இருக்காது. கையால செய்யறதுக்கு எவன் கட்டம் போடுவான்.

ரோன்டா: விஷயம் பந்து இல்ல ஆர்ச்சி. உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் கன்னமுல்லா கொட்டகைக்கு ஆறு பேர் போதும்னுட்டார். மார்க் குறைஞ்ச ஆளு இங்கேயே நிக்கணும். அந்தப் பேரை இந்தத் தாள்ல அடியில நான் எழுதணும்.

ஆர்ச்சி: …ஓகோ. அப்ப இது மார்க் இல்ல. மூட்டையைக் கட்டச் சொல்ற சீட்டு.

ரோன்டா: பண்ணைக்காரர் கான்ட்ராக்டரைப் போட்டுக் காய்ச்சி எடுத்துட்டார். நாம செவ்வாக்கிழமை ஈரம்னு ஓட்டுப் போட்டு ஆட்டையெல்லாம் திருப்பி அனுப்பினோம். ராத்திரி மறுபடி மழை. ரெண்டு நாள் போச்சு. யாரோ ஒருத்தர் பதில் சொல்லணும்ல?

ஆர்ச்சி: எதுக்குப் பதில்? மழை பெஞ்சா ஆளுக்கு ரெண்டு ஆடு கத்தரிச்சுப் பாக்கறோம். ஈரமா காய்ஞ்சதான்னு சீட்டுல எழுதித் தகர டப்பாவுல போடறோம். பேரு கிடையாது. எது அதிகமோ அதான் தீர்ப்பு. ரோமத்து ஈரம் நம்ம உடம்புல ஏறினா மூட்டு பிடிச்சுக்கும், கட்டி கட்டியா கிளம்பும். எங்கப்பன் காலத்துலேந்து இதான் வழக்கம். நாலு ஈரம், மூணு காய்ஞ்சது. முடிஞ்சது.

ரோன்டா: ஒரே ஒரு சீட்டு மாறியிருந்தா…

ஆர்ச்சி: மாறல.

ரோன்டா: நீங்க என்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. காய்ஞ்சதுன்னு ஒரு வார்த்தை. இப்பவே ரெண்டை ஏழாக்கறேன்.

ஆர்ச்சி: நீ அதைக் கேக்கக்கூடாது. நான் சொல்லவும் கூடாது.

ரோன்டா: மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க.

ஆர்ச்சி: என்ன சொன்னாங்க?

ரோன்டா: காய்ஞ்சதுன்னுதான்.

ஆர்ச்சி: எத்தனை பேரு?

ரோன்டா: …ஆறு பேரு.

ஆர்ச்சி: உன்னையும் சேத்தா?

ரோன்டா: என்னையும் சேத்துத்தான்.

ஆர்ச்சி: டப்பாவுல காய்ஞ்சது மூணு சீட்டு. போட்டேன்னு சொல்றவங்க ஆறு. அப்ப அந்த நாலு ஈரத்தையும் நான் ஒருத்தனே எழுதிப் போட்டேனா? எனக்கு எழுத்துக் கூட்டவே அரை நாள் ஆகுமே, ரோன்டா. அந்த ஆறு பேருக்கும் ஒளிவு மறைவில்லாம பேசறதுக்கு எத்தனை போட்டே?

ரோன்டா: எட்டு… ஒன்பது.

ஆர்ச்சி: தூ.

ஹோனே: மாமா, டீ ஆறிட்டிருக்குன்னு எடுத்துட்டு வந்தேன். என்ன, சத்தம் ஆட்டுப்பட்டி வரைக்கும் கேக்குது?

ரோன்டா: ஒண்ணுமில்ல ஹோனே. அங்க வெச்சுட்டுப் போ.

ஹோனே: ஓட்டு விஷயம்தானே? விடு ரோன்டா. நானெல்லாம் காய்ஞ்சதுன்னுதான் போட்டேன், ஆனா மாமாவுக்கு வயசாயிடுச்சு, முட்டி வலி. ஈரம்னு போட்டிருந்தாலும் தப்பா எடுத்துக்கக்கூடாது.

ஆர்ச்சி: என் முட்டிக்கு வக்காலத்து வாங்க உன்னை யாருடா கூப்பிட்டா?

ஹோனே: நல்லதுக்குத்தானே மாமா சொன்னேன்…

ஆர்ச்சி: நல்லதைக் கொண்டுபோய் உன் பைக்குள்ள வெச்சுக்கோ. டீயை வெச்சுட்டு நட.

ஹோனே: சரி சரி… போறேன்.

ரோன்டா: பாத்தீங்களா? இப்படிக் கடிச்சுக் குதறினா எவன் உங்க பக்கம் நிப்பான்?

ஆர்ச்சி: எவனும் நிக்க வேணாம். அவன் பொய் சொன்னானோ, நிஜம் சொன்னானோ, எனக்குத் தேவையில்ல. டப்பாவுல போட்டது டப்பாவோட.

ரோன்டா: வீம்பு. அறுபத்தெட்டு வயசுல இந்தக் குழுவை விட்டா வேற எவன் இடம் தருவான் உங்களுக்கு? சொல்லித் தொலையுங்களேன். ஒரு வார்த்தை.

ஆர்ச்சி: நான் சொன்னா நான் தப்பிச்சேன். அப்புறம்? சொல்லாதவன் எவன்னு தேடுவான். அவனும் சொல்லுவான். கடைசியா எவனுக்கு வாய் வரலியோ அவன் தலை. அடுத்த மழைக்குக் கட்டி வந்து புழுத்தாலும் ஒருத்தனும் ஈரம்னு எழுத மாட்டான். அது புரியாமயா அந்த ஆளு உன் கையில பேனாவைக் குடுத்தான்? எழுது. ஆர்ச்சி டூலன்னு எழுது. பேனா காயறதுக்குள்ள எழுது.

ரோன்டா: என்னால முடியல.

ஆர்ச்சி: ரெண்டு மார்க் போட முடிஞ்சுதுல்ல?

ரோன்டா: ஆர்ச்சி… நான் ஈரம்னுதான் போட்டேன். ஆடு அவ்வளவு ஈரம் இல்ல. என் மணிக்கட்டு வீங்கிக் கெடந்துச்சு. வெளிய சொன்னா என்னைத்தான் கழிச்சிருப்பாரு. ஒரு நாள் ஓய்வு கெடச்சாப் போதும்னு…

ஆர்ச்சி: தெரியும்.

ரோன்டா: எப்படி?

ஆர்ச்சி: பக்கத்துலதானே நிக்கறேன். ரெண்டாவது ஆட்டைப் புரட்டும்போது இடது கையால புரட்டினே.

ரோன்டா: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்… சரி. தாள்ல என் பேரை எழுதிடறேன். சத்தியமா.

ஆர்ச்சி: எழுத மாட்டே. நான் இந்தப் படி இறங்கினதும் மறுபடி யோசிப்பே. யோசிக்கறவன் எவனும் சொந்தப் பேரை எழுதினதில்ல. நீ சொன்னதால நானும் சொல்றேன், உன்னோட இருக்கட்டும்: நான் போட்டது காய்ஞ்சது. வண்டியில மூட்டையை ஏத்தப் போறேன். கன்னமுல்லாவுக்கா வேற எங்கயாவதான்னு நீ எழுதினதைப் பாத்துக்கறேன்.